பின்பக்கமாக வீடு திரும்பியவர்கள்

எங்கள் தெருவுக்கு ஒரே வழிதான். மறுகோடியில் குளிர்பதனக் கிடங்கின் சுவர் குறுக்கே நிற்கிறது. ஆகவே போகிறவரும் வருகிறவரும் தெருமுனையில் இருக்கும் கல் வளைவுக்கு அடியில்தான் போய்வர வேண்டும். அந்த வளைவை யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வந்ததில்லை. மழை பிடித்துக்கொண்டால் அதன் அடியில் ஒதுங்குவோம். வீடு தேடி வருகிறவர்களுக்கு அடையாளம் சொல்வோம். பீரோ வாங்கினால் மட்டும், உள்ளே நுழையுமா என்று ஒருமுறை அண்ணாந்து பார்ப்போம். இதற்கு மேல் ஒரு வளைவோடு மனிதனுக்கு என்ன கொடுக்கல் வாங்கல் இருக்க முடியும்?

இருக்க முடியும் என்று எடுத்துச் சொல்லத்தான் எங்கள் நகரத்தில் ஓர் ஆணையம் பிறந்தது. வளைவுப் பொருள் நிர்ணய ஆணையம் என்பது அதன் முழுப்பெயர். நகரத்து வளைவு ஒவ்வொன்றும் கலையிலும் வாழ்விலும் எதைக் குறிக்கிறது என்று ஆராய்ந்து, முடிவுசெய்து, அந்தப் பொருளுக்குப் பங்கம் வராமல் காப்பது அதன் வேலை. அதற்கு ஒரு தலைவர், பல குறியீட்டு அதிகாரிகள், வளைவுக்கு ஒருவராகத் திசை ஆய்வாளர்கள். இவர்கள் எல்லோருக்கும் சம்பளம் உண்டு என்பதால் எல்லா வளைவுகளுக்கும் பொருள் இருந்தே ஆக வேண்டியதாயிற்று.

ரயில் நிலையத்து வளைவு காத்திருத்தலைக் குறிக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். அதன் அடியில் பெட்டியும் கையுமாக ஓடிவருகிறவர்கள் பொருளைக் கெடுப்பதாகச் சொல்லி, அவர்களை ஓரமாகச் சிறிது நேரம் நிறுத்திவைத்தார்கள். வண்டி போய்விடும். அதன்பிறகு அவர்கள் நிஜமாகவே காத்திருந்தார்கள். தன் முடிவு மெய்ப்பிக்கப்பட்டதாக ஆணையம் அறிக்கை விட்டது. பள்ளிக்கூடத்து வளைவு இழந்துபோன குழந்தைப் பருவம் என்று ஆயிற்று. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு அதன் வழியே போனால் பொருந்தவில்லை. எனவே பிள்ளைகள் சமையற்கட்டு வழியாகவும் பெற்றோர் வளைவு வழியாகவும் போய்வந்தார்கள். காய்கறிச் சந்தை வளைவுக்கு ஏக்கம் என்று பொருள் விழுந்ததால், நிறைந்த பையோடு வெளியே வருகிறவர்கள் பையைத் துண்டு போட்டு மூடிக்கொண்டார்கள். நீதிமன்ற வளைவுக்கு மட்டும் பொருள் அகப்படவில்லை. பல கூட்டம் போட்டும் ஒத்துவராமல், ‘ஆய்வில் உள்ளது’ என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் பக்கம் ஒருநாள் அவர்கள் பார்வை திரும்பியது.

காரணம் ஒரு படம். நகர அருங்காட்சியகத்தில் எப்போதோ வரையப்பட்ட ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது எங்கள் வளைவுதான். சாயங்கால வெளிச்சம். ஒரு பெண் வளைவுக்கு அடியில் தெருவைவிட்டு வெளியே வருகிறாள். தலை குனிந்திருக்கிறது. கையில் ஒரு பை. பை இருப்பதால் அவள் கடைக்குப் போகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பை இருப்பதால் அவள் ஒரேயடியாகப் போகிறாள் என்று ஆணையம் முடிவுசெய்தது. வளைவின் பொருள், விடைபெறுதல்.

சாலைக்கு எதிர்ப்புறம் படிப்படியாக இருக்கைகள் போட்டுப் பார்வையாளர் மாடம் ஒன்று கட்டினார்கள். பிரிவின் துயரத்தை அனுபவிக்க வெளியூர்களிலிருந்தெல்லாம் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். உட்கார மெத்தை வாடகைக்குக் கிடைத்தது. வளைவுக்கு எதிரே ஒரு கம்பத்தில் கேமரா வைத்து இரவும் பகலும் நேரலை ஓட்டினார்கள். எங்கோ தூக்கம் வராத யாரோ எங்கள் தெருமுனையைப் பார்த்துக் கண் கலங்குவதாகச் சொன்னார்கள்.

தெருவைவிட்டு நாங்கள் வெளியே போவதில் ஆணையத்துக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. நாங்கள் திரும்பி வந்ததுதான் பிரச்சினையாகப் போயிற்று. காலையில் வேலைக்குப் போகிறவரைப் பார்த்து மாடத்தில் நெஞ்சுருகுகிறார்கள். சாயங்காலம் அதே ஆள் முருங்கைக்காயோடு உள்ளே நுழைந்தால் எப்படி இருக்கும்? ஏமாற்றுவேலை மாதிரி இருக்கிறது என்று புகார் வந்ததாம். உள்ளே வருவதை ஆணையம் தடைசெய்தது. நாங்கள் திரண்டு போய்க் கத்தினோம். தலைவரே இறங்கிவந்து பேசினார். வெள்ளைத் தலை, மெல்லிய குரல், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

“உங்க வீட்டுக்குப் போக வேண்டாம்னு ஆணையம் என்னிக்குமே சொல்லாது” என்றார். “வீட்டுக்குப் போற மாதிரி தெரிய வேண்டாம்னுதான் கேக்குது.”

அப்படித்தான் சலுகை பிறந்தது. தெருவாசிகள் உள்ளே வரலாம், ஆனால் முகம் வெளிப்பக்கம் பார்க்க, பின்பக்கமாக நடந்து வர வேண்டும். பார்ப்பவர்களுக்கு, யாரோ வெளியே கிளம்பி வாசலிலேயே தயங்கித் தயங்கி நிற்பது போல் இருக்கும். ஒருவர் நேராக நுழைந்தாலும் தெரு முழுவதற்கும் சலுகை ஒரு மாதம் ரத்து. ஆகவே ஒருவரை ஒருவர் நாங்களே கண்காணித்துக்கொண்டோம். ஆணையத்துக்கு அந்தச் செலவு மிச்சம்.

மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான் என்பது அவனுடைய பெருமை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. முதல் வாரம் நாலைந்து பேர் விழுந்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. பால்காரர் சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். தபால்காரர் கடிதங்களை வீடுவாரியாகப் பிரித்தபடியே பின்னால் நடந்தார். வண்டிகள் ரிவர்ஸ் கியரில் வந்தன. அந்த நேரம் வரும் பீப் பீப் சத்தம் துயரத்துக்கு இடைஞ்சல் என்று வயரைப் பிடுங்கிவிட்டார்கள். பிள்ளைகளோ பின்பக்கமாகவே ஓட்டப்பந்தயம் வைத்தார்கள்.

எல்லோரையும் விட அழகாக நடந்தவர் எதிர்வீட்டு அம்மாள். லிப்ட்காரரின் மனைவி. லிப்ட்காரர் என்று நாங்கள் கூப்பிடுவது மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கிற மனிதரை. அதிகம் பேசாதவர், லிப்டைப் போலவே பேச்சிலும் எடை அதிகமானால் மணி அடிக்க வேண்டும் என்று நம்புகிறவர். அவருக்கும் சேர்த்து அந்த அம்மாள் பேசுவார். வீட்டில் ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டுத் தெருப்பிள்ளைகளின் சீருடை முழுக்க அவர்தான் தைத்தார். இரண்டு கையிலும் துணிமூட்டையோடு சுவரில் உரசாமல், படியில் தடுக்காமல், ஏதோ பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நடந்தவர் மாதிரி பின்னால் வருவார். எப்படிம்மா என்று ஒருநாள் கேட்டேன்.

“இதுல ஒரு சௌகரியம் இருக்கு தம்பி” என்றார். “என் பின்னாடி பேசுறவங்கள இப்ப நேருக்கு நேரா பாக்க முடியுது.”

அந்த அம்மாளுக்குத்தான் வயிற்றில் வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மூணு நாலு நாளில் வந்துவிடுவேன், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லாச் சட்டைக்கும் பொத்தான் காஜா எடுத்துவிடலாம் என்று தாய்மார்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். போனவர் வரவில்லை. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள், சில நாள்தான் என்று டாக்டர் லிப்ட்காரரைத் தனியே அழைத்துச் சொன்னார். தனியே சொன்னதை அந்த அம்மாள் அவர் முகத்திலேயே படித்துவிட்டார். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“வீட்டுக்குப் போயிடலாங்க. நம்ம ஃபேன் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

ஊரெல்லாம் லிப்டு ரிப்பேர் செய்தவர் வீட்டு ஃபேனுக்கு எண்ணெய் விடாமல் வைத்திருந்தார். அது கிறீச் கிறீச் என்று சுற்றும். அதற்கடியில் படுத்துக் கண்ணை மூட வேண்டும். அவ்வளவுதான் அந்த மனுஷி கேட்டது. உலகத்தில் இதைவிடச் சின்ன ஆசை இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. முறைப்படி ரிவர்ஸில்தான் வந்தது. அந்த அம்மாளின் தம்பி, தண்ணீர்க் கேன் வேன் ஓட்டுகிறவன், இறங்கி நின்று கையைக் காட்டி வழிசொன்னான். திசை ஆய்வாளர் கொடியை நீட்டி வண்டியை நிறுத்தினார். இளவயதுக்காரர். தொப்பி அவருக்கு இரண்டு அளவு பெரிது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, படுத்திருப்பவர் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று கேட்டார்.

மேல பாத்து என்றார் லிப்ட்காரர்.

ஆய்வாளர் திகைத்துப்போனார். முகம் வெளிப்பக்கம் இருக்கலாம், உட்பக்கம் இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. மேற்பக்கத்துக்கு விதி இல்லை. அவர் போனில் கேட்டார். போனில் இருந்தவர் இன்னொருவரைக் கேட்டார். படுத்திருக்கும் மனிதருக்குத் திசை கிடையாது, திசை இல்லாதவரை வளைவுக்குள் விட்டால் அது விடைபெறுதலா வருகையா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆணையத்தின் அமர்வில் முடிவாகட்டும் என்று பதில் வந்தது. வண்டிக்குள்ளிருந்து வந்துட்டமா என்று அந்த அம்மாள் கேட்டார். டிராபிக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு என்றார் லிப்ட்காரர். வளைவிலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டுத் தண்ணீர்த்தொட்டி தெரியும்.

தம்பி கொதித்துவிட்டான். ஆம்புலன்ஸ்காரரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஓட்டப்போனான். லிப்ட்காரர் அவன் தோளைப் பிடித்தார்.

“வேணாம்டா. இவள உள்ள விட்டுட்டு தெருவ வெளிய நிறுத்தச் சொல்றியா? மாடிவீட்டுல பச்சைப் புள்ள இருக்கு. ஒரு மாசம் அவங்க எங்க போவாங்க?”

“அக்கா என்ன பாவம் பண்ணுச்சு மாமா?”

லிப்ட்காரர் ஆம்புலன்ஸ்காரரைத் திரும்ப ஏறச் சொன்னார். வண்டி ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போயிற்று. அது தெருமுனையைவிட்டுப் போவதைப் பார்த்து மாடத்தில் இருவர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

அமர்வுக்கு லிப்ட்காரரோடு நானும் போனேன். ஆணையத்தின் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. கதவு தானாகத் திறந்து தானாக மூடுகிறது. அந்தக் கட்டடத்தில் தேடினாலும் ஒரு வளைவு கிடையாது. எங்களை ஒரு நீண்ட மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நடுவில் தலைவர், பக்கத்தில் மூத்த குறியீட்டு அதிகாரி. அந்த அம்மையார் வளைவுகளைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவர்.

முதலில் அவர்தான் பேசினார். வளைவு என்பது இரண்டு உலகங்களின் எல்லை, அதைக் கடப்பது ஒரு பிறவியை முடித்து இன்னொன்றைத் தொடங்குவது, உலகக் கலையில் எந்த ஓவியரும் வளைவை வெறும் வழியாக வரைந்ததில்லை என்று நீளமாகச் சொன்னார். நன்றாகத்தான் பேசினார். எனக்கே ஒரு கணம் எங்கள் தெருமுனை பெரிய இடமாகத் தோன்றிவிட்டது. லிப்ட்காரர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, தலை முன்னால் போகும்படி தூக்கிச் சென்றால் அது சந்தேகமில்லாமல் நுழைவு என்றும், கால் முன்னால் போனால் அது இறுதி யாத்திரையின் வடிவம் என்றும், அது இந்த வளைவின் பொருளுக்கு மிக நெருக்கமானது என்றும் அந்த அம்மையார் விளக்கினார்.

தலைவரின் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா, வழி இருக்கு” என்றார். “உங்க மனைவி வெளிய போறதா இருந்தா இந்த நிமிஷமே அனுமதி தந்துடுவேன். கால்மாடு முன்னால வச்சு, கௌரவமா.”

“அவ உள்ள இல்லீங்களே ஐயா.”

“அதான் சிக்கல்.”

அதிகாரிகள் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்கள். லிப்ட்காரர் எழுந்து நின்றார். அவருக்குப் பேசத் தெரியாது. லிப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து குரல்கொடுத்துப் பழக்கம் உண்டு, அந்தக் குரலில்தான் பேசினார். அவளுக்கு நாள் அதிகம் இல்லை, வீட்டில் படுக்க வேண்டும் என்கிறாள், அது அவள் வீடு, வேறு ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்கும் மனசு இருக்குங்க. ஆனா நான் ஒரு ஆள் மனசுக்காக இந்த நாற்காலியில உக்காரல. வீடுங்கிறது தனிமனுஷன் விஷயம், வளைவு எல்லாருக்கும் சொந்தம். நோயாளிங்க வருவாங்க, போவாங்க. பொருள் ஒருதடவை போச்சுன்னா திரும்ப வராது. எத்தனையோ பேரு நெஞ்சுக்குள்ள இருக்கிற துக்கத்த இறக்கி வைக்க இடம் தேடி அந்த மாடத்துக்கு வர்றாங்க. அவங்க துக்கத்துல நாம விளையாடலாமா?” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “அவங்களால உக்கார முடியுமா?” என்று கேட்டார்.

உட்கார முடிகிறவருக்கு முகம் உண்டு, முகம் இருந்தால் திசை உண்டு என்பது அவர் கண்டுபிடித்த வழி. சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, முகம் வெளிப்பக்கம் பார்க்க, பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு போகலாம். ஓவியத்துப் பெண்ணைப் போல் சாம்பல் நிறத்தில் உடுத்தியிருக்க வேண்டும். வலது கை விடைபெறுவது போல் அசைய வேண்டும். ஓவியத்தில் இருப்பது சாயங்கால வெளிச்சம் என்பதால் சாயங்காலத்தில்தான் நடக்க வேண்டும். மாடம் நிறைந்திருக்க வேண்டும், முதல்முறை அல்லவா. இத்தனை நிபந்தனைகளுக்கும் தலையாட்டிவிட்டு லிப்ட்காரர் வெளியே வந்தார். கிடைச்சிருச்சு என்று என்னிடம் சொன்னார். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் முகத்தில் ஏதோ வந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் மேகம் போட்டிருந்தது. ஓவியத்தில் மேகம் இல்லை. தள்ளிவைத்தார்கள். அடுத்த நாள் நல்ல வெயில். ஆனால் வேறொரு நகரத்து வளைவு ஆணையத்திலிருந்து ஒரு குழு வரப்போகிறது, அவர்களும் பார்த்தால் நன்றாக இருக்குமே என்று தலைவர் பிரியப்பட்டார். குழு வர நேரமாகி, வெளிச்சம் போய்விட்டது. இப்படியே போயிற்று. ஒவ்வொரு நாளும் அந்த அம்மாளைக் குளிப்பாட்டி, சாம்பல் நிறப் புடவை கட்டி, நாற்காலியில் உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு நாளும் திரும்பப் படுக்க வைப்பார்கள். முதல் நாள் தானாக உட்கார்ந்தவரை அடுத்த நாள் தலையணை வைத்து உட்காரவைத்தார்கள். அதற்கடுத்த நாள் துப்பட்டியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. இந்த நிறம் எனக்கு எடுப்பாவே இல்ல என்று மட்டும் அவர் சொன்னாராம்.

கடைசியில் மேகமும் இல்லாமல் விருந்தாளியும் இல்லாமல் ஒரு சாயங்காலம் வாய்த்தது. தெருக்காரர்கள் நாங்கள் வளைவுக்கு உட்புறம், கேமராவில் விழாமல், இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக நின்றோம். மாடம் நிரம்பி வழிந்தது. ஆம்புலன்ஸைச் சற்றுத் தள்ளி நிறுத்தி நாற்காலியை இறக்கினார்கள். அந்த அம்மாள் பாதியாகிவிட்டிருந்தார். தம்பி பின்னாலிருந்து நாற்காலியை இழுத்தான். கையை அசைக்க அவருக்குத் தெம்பு இல்லை. லிப்ட்காரர் பக்கவாட்டில் குனிந்து நடந்து, மனைவியின் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு வந்தார். தான் படத்தில் விழாதபடி தலையை நாற்காலிக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

வளைவு நெருங்கும்போது உள்ளே கிடங்கின் மோட்டார் உறுமும் சத்தம் கேட்டது. வருஷக்கணக்காக நாங்கள் திட்டித் தீர்த்த சத்தம். அதைக் கேட்டதும் அந்த அம்மாள் சிரித்தார். அம்மா சிரிக்காதீங்க என்று குறியீட்டு அதிகாரி ஓரத்திலிருந்து கெஞ்சினார். நல்லவேளையாக அந்தச் சிரிப்பு தானாகவே நின்றுவிட்டது. எதிரே மாடத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்துக் கை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இவங்கள்லாம் யாருங்க?” என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் நின்றேன்.

“தெரியலம்மா” என்றார் லிப்ட்காரர்.

“எதுக்குக் கை ஆட்டுறாங்க? நான் எங்க போறேன்?”

“நீ எங்கயும் போகல. வீட்டுக்கு வர்ற.”

அவர் எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்தார். அவர் பார்வையில் வீடு இல்லை, தெரு இல்லை, நாங்கள் யாரும் இல்லை. தனக்குப் பின்னால் இருக்கிறது என்று புருஷன் சொல்கிற வீட்டை நோக்கி அவர் போய்க்கொண்டிருந்தார், கண்ணுக்கு எதிரே தெரிந்ததெல்லாம் அழுகிற முகங்கள்.

“அப்படித் தெரியலையே” என்றார்.

லிப்ட்காரர் மணிக்கட்டை ஆட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அனுமதி போய்விடும். அவர் கண்ணீர் அந்தக் கையில்தான் விழுந்தது.

நாற்காலி வளைவைக் கடந்ததும் மாடத்தில் கைத்தட்டல் எழுந்தது. தலைவர் இரு கைகளையும் கோத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். குறியீட்டு அதிகாரி ஓடிவந்து, அபாரமாக இருந்தது, ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் இடறுகிறது, இன்னொரு தடவை வெளியே போய் வந்தால் அதையும் சரிசெய்துவிடலாம் என்றார். யாரும் பதில் சொல்லுமுன் திசை ஆய்வாளர் குறுக்கே வந்தார். கேமராவில் சிரிப்பே விழவில்லை, நான் பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னார். எங்களைப் பார்த்து, போங்க, போங்க என்று கண்ணைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்தார். கட்டிலில் படுத்தார். ஃபேன் கிறீச் கிறீச் என்று சுற்றியது. தெருவில் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். எங்களிடமெல்லாம் நன்றாகத்தான் பேசினார். யாருடைய சட்டைக்குக் காஜா பாக்கி என்று சொல்லி, அதைத் தம்பியிடம் எடுத்துக்கொடுக்கச் சொன்னார். ஆனால் வந்து சேர்ந்த நிம்மதி அவரிடம் இல்லை. லிப்ட்காரர் பிறகு என்னிடம் சொன்னார்: அவர் தூங்கவே இல்லையாம். நாம வந்துட்டமா, நிஜமா வந்துட்டமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இதோ பார் உன் மிஷின், இதோ உன் ஜன்னல் என்று இவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாராம். எல்லாம் சரிதான், ஆனா அத்தனை பேரு வழியனுப்பினாங்களே என்றாராம் அந்த அம்மாள். ஒரு காலையில், இவர் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.

வெளியே கொண்டுபோக யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. திரும்பும்போது ஒரு நிபந்தனை காத்திருக்காமல் எங்கள் தெருவில் வளைவைக் கடந்தவர் அவர் ஒருவர்தான். தலைவர் தாமே மலர்வளையத்தோடு வந்திருந்தார். மெய்யாகவே அழுதார், அதை நான் மறுக்க மாட்டேன். மறைந்த அம்மாள் இந்த வளைவின் பொருளைத் தம் வாழ்வால் நிறைவுசெய்துவிட்டார், ஓவியத்துப் பெண்ணுக்கு இன்றுதான் ஒரு முகம் கிடைத்தது, ஆணையம் அவர் பெயரை வளைவின் கல்லில் பொறிக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று பேசினார். பேசி முடித்ததும் லிப்ட்காரரின் கையைப் பற்றிக்கொண்டு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வழி விடுங்க என்றார் லிப்ட்காரர்.

மயானத்திலிருந்து நாங்கள் திரும்பியபோது பிற்பகல். வளைவு வரை வந்ததும், சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் திரும்பிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொருவராக உள்ளே போனோம். ஈரத் தலையோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி. தம்பியும் அப்படித்தான் போனான். லிப்ட்காரர் மட்டும் நின்றுவிட்டார்.

திசை ஆய்வாளர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் வந்தார்.

“ஐயா, இன்னிக்கு நீங்க நேராவே போங்க. கேமராவ மூடி வச்சுட்டேன். மாடத்துல இருக்கறவங்கள நான் பாத்துக்கறேன்.”

இதை அவர் ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கே செய்திருக்கலாம். அது அவருக்கும் தெரிந்திருந்தது, முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. லிப்ட்காரர் கோபப்படவில்லை. தெருவுக்குள் ஒருமுறை பார்த்தார். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“வேணாம் தம்பி” என்றார். “நேராப் போனா வீடு தெரியும்.”

திரும்பிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். மாடத்தில் யாரோ ஒருவர் பழக்கத்தில் கை அசைத்தார். அவர் அதைப் பார்த்துக்கொண்டே போனார். போய், குதிகாலில் வாசற்படி தட்டுப்பட்டதும் நின்றார். பூட்டைத் திறக்க வேண்டுமானால் திரும்பித்தான் ஆக வேண்டும். நாங்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் அவர் திரும்பவில்லை.